வாய்க்கு ஒரு வெட்டு, பொருளுக்கு ஒரு வெட்டு: ஆங்கிலக் கூட்டுச்சொற்களைப் பிரித்துப் படிப்பது எப்படி

சாயங்காலமானால் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பிள்ளைகள் வந்து உட்கார்ந்து படிப்பார்கள். அதில் ஏழாவது படிக்கிற ஒருத்தி, மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவனைப் பற்றிய ஒரு கதையை வாசித்துக்கொண்டே வந்து, நடுவில் 'கோதர்ட்' என்றாள். எனக்கே ஒரு நிமிஷம் புரியவில்லை. புத்தகத்தை வாங்கிப் பார்த்தால், கோட்ஹெர்ட். கோட் என்றால் ஆடு, ஹெர்ட் என்றால் மேய்ப்பவன். நடுவில் டீயும் எச்சும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுவிட்டதால், திங்க், தேங்க் யூ என்று பழகின வாய் அதைத் 'த' என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அவள் மேல் தப்பில்லை, ஒட்டு எங்கே இருக்கிறது என்று அவளுக்கு யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு தனிச்சொற்கள் ஒட்டி ஒரு சொல்லாக நிற்பதைத்தான் கூட்டுச்சொல் என்கிறோம். அதைப் பிரிக்கும்போது புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: பிரிப்பது என்றால் ஒரே ஒரு வகைப் பிரிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இரண்டு வெட்டு உண்டு. ஒன்று பொருளுக்காக வெட்டுவது, மற்றது வாய் உச்சரிக்கிற துண்டுகளாக வெட்டுவது. பட்டர்ஃப்ளையைப் பொருள்படி வெட்டினால் இரண்டு துண்டு, பட்டர், ஃப்ளை. வாயால் வெட்டினால் மூன்று, பட், டர், ஃப்ளை. இரண்டு விடையும் சரி, கேள்விதான் வேறு வேறு. இந்தக் கட்டுரையில் பொருள் வெட்டுக்குக் கூட்டல் குறியும் (பட்டர்+ஃப்ளை) வாய் வெட்டுக்கு நடுக்கோடும் (பட்-டர்-ஃப்ளை) போட்டுக்கொண்டு போகிறேன், குழப்பம் இருக்காது.

தொடங்கும் முன்: நம் காதைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்

பள்ளியில் யாப்பு படிக்கும்போது எல்லோரும் அசை பிரித்திருப்போம், நேர், நிரை, தேமா, புளிமா என்று. ஆங்கில சிலபிளையும் அசை என்றே பல இடங்களில் எழுதுவதால், அதே பழக்கத்தில் ஆங்கிலத்தையும் பிரிக்கப் போய்க் கணக்கு தப்பிவிடுகிறது. புளிமாவில் யாப்புப்படி இரண்டே அசை: புளி, மா. ஆங்கிலக் கணக்கில் மூன்று: பு-ளி-மா. கருவிளம் யாப்பில் இரண்டு, அங்கே நான்கு. நம் நிரையசை இரண்டு உயிரொலியை ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். ஆங்கிலத்தில் அந்த மூட்டை கிடையாது, ஓர் உயிரொலிக்கு ஒரு சிலபிள். அதனால் கட்டுரை முழுக்க அசை என்ற சொல்லையே விட்டுவிட்டு சிலபிள் என்றே எழுதுகிறேன்.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரிது, ஏனென்றால் அது நமக்குத் தெரியாமலே நடக்கிறது. தமிழில் எந்தச் சொல்லும் க், ட், ப் மாதிரியான வல்லின மெய்யில் முடியாது, சொல்லின் முதலில் இரண்டு மெய் சேர்ந்தும் வராது. ஆகவே ஆங்கிலச் சொல்லை வாங்கும்போது நாம் கடைசியில் ஓர் உகரத்தையும் முன்னால் ஓர் இகரத்தையும் போட்டுத்தான் வாங்குகிறோம். பிளாக்போர்டு என்று எழுதி, எழுதின மாதிரியே சொல்லிப் பாருங்கள்: பி-ளாக்-போர்-டு, நான்கு. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டே சிலபிள்தான், ப்ளாக்-போர்ட். சரிபாதி நம் கைச்சரக்கு! ஸ்கூலை இஸ்கூலு என்று சொன்ன தாத்தாவைக் கேலி செய்கிறோம், போர்டு என்று நாம் சொல்வதும் அதே வேலைதான்.

முதல் படி: இது நிஜமாகவே கூட்டுச்சொல்தானா?

இரண்டு பாதியும் தனியாக நிற்கிற சொற்களாக இருக்க வேண்டும், சேர்ந்து வரும் பொருளுக்கும் அவற்றுக்கும் ஏதாவது உறவு இருக்க வேண்டும். அன்ஹாப்பி கூட்டுச்சொல் அல்ல, அன் என்பது தனியாக நிற்காத முன்னொட்டு. கைண்ட்னெஸும் அல்ல, நெஸ் வெறும் விகுதி. இடைவெளியைப் பார்த்து மட்டும் ஏமாற வேண்டாம். ஆங்கிலத்தில் கூட்டுச்சொல் ஒட்டியும் வரும் (ப்ளாக்போர்ட்), நடுவில் கோடு போட்டும் வரும் (மதர்-இன்-லா), தனித்தனியாக நின்றுகொண்டும் வரும் (பஸ் ஸ்டாப்). எழுதும் முறைதான் மூன்று, சரக்கு ஒன்று.

பொருள் உறவைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் பார்த்தால் கார்பெட்டுக்குள் ஒரு காரும் ஒரு செல்லப்பிராணியும் தெரியும். சீசனுக்குள் ஒரு கடலும் ஒரு மகனும் இருப்பார்கள். தாமரையைத் தா+மரை என்று பிரித்து, தாவுகிற மான் என்று விளையாடின மரபுதான் நம்முடையதும். தாமரை பூ என்று எடுத்துக்கொண்டால் பிரிக்கக் கூடாது, அதே விதி கார்பெட்டுக்கும்.

இந்த மாதிரித் தப்பாக வெட்டுவதை ஆங்கிலேயர்களே செய்திருக்கிறார்கள், அதில் சில நிலைத்தும் விட்டன. ஹாம்பர்கர் என்பது ஹாம்பர்க் என்ற ஜெர்மன் நகரத்தின் பெயரோடு அர் சேர்ந்தது, பொருள்படி ஹாம்பர்க்+அர். ஹாம் என்றால் பன்றி இறைச்சி என்பதால் ஜனங்கள் ஹாம்+பர்கர் என்று வெட்டிக்கொண்டார்கள். அப்படி வெட்டியதில் கையில் மிஞ்சின பர்கர் இன்று தனிச்சொல், சீஸ்பர்கர் அதற்குப் பிறந்த குழந்தை. நம் கட்டுமரத்துக்கும் இதே கதிதான். கட்டு+மரம் என்று நமக்குப் பார்த்தவுடன் தெரிகிறது. அவர்கள் வாயில் அது நான்கு சிலபிளாக, கா-ட-ம-ரான் என்று ஆனது. ஒட்டு எங்கே என்று தெரியாததால் பேச்சில் காட் என்று முன்பாதியைக் கிள்ளிக்கொண்டார்கள், மூன்று உடல் கொண்ட படகு வந்தபோது பின்னால் இருந்து மரானைக் கிள்ளி ட்ரைமரான் என்று பெயர் வைத்தார்கள். மூன்று மரம் என்று படித்தால் நமக்குப் பொருள் வருகிறது, அவர்களுக்கு அந்த மரான் வெறும் ஒலி.

இரண்டாம் படி: ஒட்டைத் தேடுங்கள், தலை எது என்று பாருங்கள்

ஒட்டைக் கண்டுபிடிக்க நல்ல வழி, கடைசியிலிருந்து படிப்பது. ஆங்கிலக் கூட்டுச்சொல்லில் முக்கியமான பாதி, அதைத்தான் தலை என்கிறேன், பெரும்பாலும் பின்னால்தான் இருக்கும், தமிழ் மாதிரியே. மரப்பெட்டி ஒரு பெட்டி, பெட்டிமரம் ஒரு மரம். அதே மாதிரி ஹவுஸ்போட் ஒரு படகு, போட்ஹவுஸ் ஒரு வீடு, படகை நிறுத்தி வைக்கிற கொட்டகை. பின்பாதியைத் தனியாகப் பிடித்துவிட்டால் முன்பாதி தானாகக் கழன்று வரும்.

இந்த இடத்தில் தமிழ் படித்தவர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்திக்கொள்வதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். ஒன்பதாவது, பத்தாவதில் படித்த ஆறு தொகைகளையும் எடுத்து ஆங்கிலத்தின் மேல் வைத்துப் பாருங்கள், அநேகமாக அப்படியே உட்காரும். ப்ளாக்போர்ட் பண்புத்தொகை, கரும்பலகையும் பண்புத்தொகை. போட்ஹவுஸ் படகுக்கான வீடு, உருபு மறைந்திருக்கிறது, வேற்றுமைத்தொகை. ட்ராபிரிட்ஜ் என்பது கோட்டை வாசலில் தூக்கி இழுத்துக்கொள்கிற பாலம். இழுத்த பாலமா, இழுக்கிற பாலமா, இழுக்கும் பாலமா என்று காலம் தெரியவில்லை, நம் ஊறுகாய் மாதிரி. வினைத்தொகை. பிட்டர்ஸ்வீட் கசப்பும் இனிப்பும், உம்மைத்தொகை. ஸ்னோ-வைட் பனி போன்ற வெள்ளை, உவமைத்தொகை.

கடைசியாக அன்மொழித்தொகை, வேடிக்கை அங்கேதான். ரெட்ஹெட் என்பது ஒரு தலை இல்லை, செம்பட்டை முடி கொண்ட ஆள். பிக்பாக்கெட் ஒரு வகைப் பாக்கெட் இல்லை. ஸ்கேர்க்ரோ ஒரு வகைக் காக்கா இல்லை, காக்காயை விரட்டும் சோளக்கொல்லை பொம்மை. பொற்றொடி என்றால் வளையல் அல்ல, வளையல் போட்ட பெண் என்று படித்தோமே, அதேதான். இந்த வகையில் கடைசிப் பாதியைத் தலை என்று நம்பினால் ஏமாந்துபோவோம். மேல்நாட்டு மொழியியலாளர்களும் இந்த வகைக்கு சமஸ்கிருத இலக்கணத்திலிருந்து எடுத்த பகுவ்ரீஹி என்ற பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

தலை தெரிந்தால் பன்மையும் தானாக வரும். மதர்-இன்-லாவில் தலை மதர், ஆகவே எஸ் அங்கேதான் ஒட்டும், மதர்ஸ்-இன்-லா. வழிப்போக்கரைக் குறிக்கிற பாஸர்-பையும் அப்படித்தான், பாஸர்ஸ்-பை.

மூன்று சொல் சேர்ந்தால் எது முதலில் ஒட்டியது என்று பார்க்க வேண்டும். லைட், ஹவுஸ், கீப்பர். லைட்ஹவுஸ் முதலில் ஒட்டி அதற்கு ஒரு கீப்பர் என்றால் அவர் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர். ஹவுஸ்கீப்பர் முதலில் ஒட்டி முன்னால் லைட் வந்தால், வீட்டுவேலை செய்கிற, உடம்பில் எடை கம்மியான அம்மா. எழுத்து ஒன்றே, ஒட்டிய வரிசை வேறு.

மூன்றாம் படி: ஒவ்வொரு பாதியையும் இன்னும் உடைக்க முடியுமா?

பொருள் தருகிற மிகச் சின்னத் துண்டை மொழியியலில் உருபன் என்பார்கள். கூட்டுச்சொல்லின் பாதி ஒன்றே பகுதி, விகுதியாக உடையலாம். ஸ்க்ரூட்ரைவர் இரண்டு சொல், ஆனால் மூன்று உருபன்: ஸ்க்ரூ+ட்ரைவ்+அர். டீனேஜரும் மூன்று: டீன்+ஏஜ்+அர். க்ராஃப்ட்ஸ்மன், ஸ்போர்ட்ஸ்மன் போன்றவற்றில் நடுவில் ஓர் எஸ் நிற்கும், அதற்குப் பொருள் தேடாதீர்கள், நம் சாரியை மாதிரி ஒட்டுவதற்கு வந்தது, முன்பாதியோடு விட்டுவிடுங்கள்.

சில துண்டுகளுக்குப் பொருளே கிடைக்காது. க்ரான்பெரியில் பெரி தெரிகிறது, க்ரான்? இன்றைய ஆங்கிலத்தில் அது வேறெங்கும் தனியாக வருவதில்லை. மொழியியலில் இப்படிப்பட்ட அனாதைத் துண்டுகளுக்கே க்ரான்பெரி உருபன் என்று பெயர். காப்வெப்பில் இருக்கிற காப் சிலந்திக்கு வழங்கிய ஒரு பழஞ்சொல்லின் மிச்சம், லூக்வார்மில் இருக்கிற லூக் வெதுவெதுப்பு என்ற பழைய பொருளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ப்ரைட்க்ரூமில் இருப்பது குதிரை பார்க்கிற க்ரூம் இல்லை, ஆண் என்று பொருள்படும் குமா என்ற பழைய சொல். அது வழக்கொழிந்து போனதும் தெரிந்த சொல்லாக இருக்கட்டும் என்று நடுவில் ஓர் ஆரைச் செருகிக்கொண்டார்கள்.

நான்காம் படி: இப்போது வாயால் எண்ணுங்கள்

தாடைக்கு அடியில் புறங்கையை வைத்துக்கொண்டு சொல்லைச் சொல்லுங்கள். தாடை எத்தனை தடவை இறங்குகிறதோ அத்தனை சிலபிள். கடைசி உகரத்தைச் சேர்க்காமல் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கை ஒரு தடவை அதிகம் இறங்கும். எழுத்தில் இருக்கும் உயிரை எண்ணாதீர்கள், காதில் விழும் உயிரை எண்ணுங்கள். ஹார்ஸ்ஷூவில் எழுத்துக்கு நாலு உயிரெழுத்து இருந்தாலும் வாயில் இரண்டே சிலபிள். ஒட்டுக்கு முன்னால் நிற்கிற இ ஊமை. சம்திங், ஹோம்வொர்க், க்ரேப்ஃப்ரூட், சைட்வாக் எல்லாவற்றிலும் இதே ஊமை இ நடுவில் உட்கார்ந்திருக்கும், அதைப் பார்த்தாலே ஒட்டு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

டைம்டேபிள் மூன்று: டைம்-டே-பிள். கடைசித் துண்டில் சரியான உயிரே இல்லை, எல் ஒலியே அந்த வேலையைப் பார்க்கிறது. ஃபயர் சேர்ந்த சொற்களில் மட்டும் சண்டை போடாதீர்கள், அது ஒன்றா இரண்டா என்பதில் அகராதிகளே இரண்டுக்கும் இடம் கொடுத்துத்தான் குறிக்கின்றன.

சரி, எண்ணிக்கை வந்துவிட்டது, வெட்டு எங்கே விழ வேண்டும்? இந்தக் கட்டுரையிலேயே இதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால்கூடப் போதும்: ஒரு பாதிக்குள் ஒலிகள் தாராளமாக இடம் மாறும், ஆனால் ஒட்டைத் தாண்டி மாறாது. ஸ்க்ரூட்ரைவரைப் பாருங்கள். பொருள்படி ட்ரைவ்+அர். வாயில் ட்ரை-வர், வி ஒலி அடுத்த சிலபிளுக்குத் தாவிவிட்டது. தாவலாம், அது ஒரே பாதிக்குள் நடப்பது. ஆனால் டீனேஜரில் டீன் என்ற பாதியின் ன் ஒட்டைத் தாண்டி ஏ மேல் ஏறக் கூடாது: டீன்-ஏ-ஜர். நமக்கு இது கஷ்டம், ஏனென்றால் மெய்யின் மேல் உயிர் வந்து ஏறுவதுதான் நம் புணர்ச்சி. உயிர்+எழுத்து உயிரெழுத்து ஆகிறபோது, ஹெட்+ஏக் நம் வாயில் ஹெட்டேக் ஆகாமல் என்ன செய்யும்? அவசரப் பேச்சில் அவர்களும் கொஞ்சம் இழைத்துத்தான் சொல்வார்கள், ஆனால் நிதானமாக வெட்டச் சொன்னால் ஹெட்-ஏக்.

ஒட்டைத் தாண்டாமல் இருப்பதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு மொழியியல் வகுப்புகளில் காட்டுகிற ஒரு ஜோடி உண்டு. ராத்திரி நேரத்துக் கட்டணம் நைட் ரேட். உரத்தில் இருக்கிற உப்பு நைட்ரேட். எழுத்தை மறந்துவிட்டு ஒலியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே சரக்கு. ஆனால் முதலாவதில் ட் ஒலி ஒட்டுக்கு இந்தப் பக்கம் அடைபட்டு நின்றுவிடும், நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு காற்றை விடாது: நைட்-ரேட். இரண்டாவதில் ஒட்டே கிடையாது, ஆகவே ட் தாவி ர் உடன் சேர்ந்துகொள்ளும்: நை-ட்ரேட், அந்த ட்ர கிட்டத்தட்ட ச்ர மாதிரி சீறும். ஐந்தாறு தடவை மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள், நாக்கு எங்கே நிற்கிறது என்று பிடிபடும். தமிழில் பலகையையும் பல கையையும் சொல்லும்போது நடுவில் ஒரு நூல் அளவு இடம் விடுகிறோமே, அந்த மாதிரி.

இப்போது கோட்ஹெர்டுக்கு வரலாம். டீயும் எச்சும், பீயும் எச்சும், எஸ்ஸும் எச்சும் பக்கத்தில் நின்றால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் அது ஒரே ஒலி, த, ஃப, ஷ. ஆனால் நடுவில் ஒட்டு ஓடினால் அந்தக் கூட்டணி செல்லாது. பாட்ஹோல், ஹாட்ஹவுஸ், லைட்ஹவுஸ், ஆன்ட்ஹில், ஸ்வீட்ஹார்ட், எதிலும் த கிடையாது. லூப்ஹோல், அப்ஹில், ஹாப்ஹசர்ட், எதிலும் ஃப கிடையாது. க்ராஸ்ஹாப்பரில் ஷ கிடையாது. ஷெப்பர்ட் என்பதும் ஷீப்+ஹெர்ட்தான், கோட்ஹெர்டின் அண்ணன். ஆனால் அதில் எச் தேய்ந்தே போய்விட்டது, முன்பாதியும் குறுகிவிட்டது, ஷெஃபர்ட் என்று ஃப போட்டுச் சொல்பவர்கள் இனி விட்டுவிடலாம்.

ஆனால் இந்தப் பொறியில் ஆங்கிலேயர்களும் விழுந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் தெற்கே ஹார்ஷம் என்று ஓர் ஊர். பழைய பெயர் ஹார்ஸ்+ஹாம், குதிரை ஊர். எழுத்தில் எஸ்ஸும் எச்சும் ஒட்டி நின்றதால் வாய் அதை ஷ ஆக்கிவிட்டது, இன்று அதுதான் சரியான உச்சரிப்பு. திண்ணையில் அந்தப் பிள்ளை செய்ததை அங்கே ஓர் ஊரே செய்திருக்கிறது.

ஐந்தாம் படி: எதை அழுத்துவது

தமிழில் ஒரு சிலபிளை அழுத்திச் சொல்வதால் பொருள் மாறுவதில்லை, அதனால் இதை நாம் கண்டுகொள்ளவே மாட்டோம். ஆங்கிலத்தில் கூட்டுச்சொல் என்பதன் அடையாளமே பெரும்பாலும் முன்பாதியில் விழும் அழுத்தம்தான். க்ரீனை அழுத்தி க்ரீன்ஹவுஸ் என்றால் செடி வளர்க்கிற கண்ணாடிக் குடில். ஹவுஸை அழுத்தினால் பச்சைப் பெயின்ட் அடித்த வீடு. அமெரிக்க ஜனாதிபதி இருப்பது வைட்டை அழுத்தின வைட் ஹவுஸ். இங்க்லிஷ் டீச்சர் என்பதில் இங்க்லிஷை அழுத்தினால் ஆங்கிலம் சொல்லித்தருபவர், டீச்சரை அழுத்தினால் இங்கிலாந்துக்கார ஆசிரியர், அவர் கணக்கு நடத்தினாலும் சரி.

விதி என்று சொன்னாலும் ஆங்கிலம் ஆங்கிலம்தான். ஆப்பிள் கேக்கில் ஆப்பிளை அழுத்துவார்கள், ஆப்பிள் பையில் பையை. ஆக்ஸ்ஃபர்ட் ஸ்ட்ரீட்டில் முன்பாதி, ஃபிஃப்த் அவென்யூவில் பின்பாதி. ஸ்ட்ரீட் என்று முடிந்தால் முன்னால், ரோட், அவென்யூ என்று முடிந்தால் பின்னால் என்று வைத்துக்கொள்ளலாம். ஏன் என்று கேட்டால் அங்கே பிறந்து வளர்ந்தவரும் தலையைச் சொறிவார்.

தேய்ந்துபோன சொற்கள்

முன்பாதியையே அழுத்தி அழுத்திச் சொன்னால் பின்பாதி என்ன ஆகும்? தேயும். போஸ்ட்மன், போலீஸ்மன் என்பவற்றில் மேன் என்ற முழு ஒலி இல்லை, வெறும் மன். ஸ்னோமேன் மாதிரி புதிதாக, அப்பட்டமாக ஒட்டியதில் முழு மேன் இருக்கும். இங்க்லண்ட், ஸ்காட்லண்ட் என்பவற்றில் லேன்ட் சுருங்கி லண்ட் ஆகிவிட்டது. கப்+போர்டை நாம் அழகாகக் கப்போர்டு என்கிறோம், அவர்கள் அதைக் கபர்ட் ஆக்கி ரொம்ப நாளாகிறது. கோப்பை வைக்கிற பலகை என்ற நினைவே அதில் இல்லை. ப்ரேக்+ஃபாஸ்ட், ராத்திரி முழுக்க இருந்த நோன்பை முறிப்பது, வாயில் ப்ரெக்-ஃபஸ்ட். ஃபோர்+ஹெட் ஒரு காலத்தில் ஃபாரிட் என்று தேய்ந்திருந்தது, பிறகு எல்லோரும் எழுத்தைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்ததும் பழையபடி ஃபோர்ஹெட் என்று முழித்துக்கொண்டது.

ஹேண்ட்கர்சீஃப் எனக்கு ரொம்பப் பிடித்த சொல். கர்சீஃப் என்பது பிரெஞ்சிலிருந்து வந்தது, தலையை மூடுவது என்று பொருள். கையில் வைத்துக்கொள்வதற்கு முன்னால் ஹேண்ட் சேர்த்தார்கள், ஆக கைத்தலைமூடி! வாயில் ஹாங்-கர்-சிஃப், நடுவில் இருந்த டி ஒலி காணாமல் போய்விட்டது. நாம் அந்தக் கையையும் வெட்டிவிட்டு வெறும் கர்சீப்பால் முகம் துடைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னும் தேய்ந்தால் ஒட்டே மறைந்துவிடும். விண்டோ பழைய நார்டிக் மொழியின் காற்று+கண். நம் பழந்தமிழில் ஜன்னலுக்குக் காலதர் என்று ஒரு பெயர், கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. பலகணி என்றும் ஒன்று, அதில் கண்ணும் இருக்கிறது. டெய்ஸி என்ற பூ டே+ஐ, பகலின் கண், ராத்திரி மூடிக்கொள்ளும். இவற்றையெல்லாம் தெரிந்துகொள்ளலாம், ரசிக்கலாம், ஆனால் விண்டோவைப் பரீட்சைத்தாளில் வின்+டோ என்று வெட்டி வைக்காதீர்கள். இன்றைய ஆங்கிலத்தில் அது ஒரே துண்டு, இரண்டு சிலபிள்.

வரி முடிவில் உடைக்க வேண்டி வந்தால்

இது மூன்றாவது வகை வெட்டு, தட்டச்சு, பக்க வடிவமைப்பு வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும். அமெரிக்க அகராதிகளில் தலைச்சொல்லின் நடுவே புள்ளி வைத்திருப்பார்களே, அது சிலபிள் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் அந்தப் புள்ளி வரி முடிவில் எங்கே உடைக்கலாம் என்பதற்கான குறி. சிலபிள் வேண்டுமானால் பக்கத்தில் இருக்கும் உச்சரிப்புக் குறிப்பைத்தான் பார்க்க வேண்டும். அபவுட்டுக்குப் புள்ளியே இருக்காது, ஒற்றை எழுத்தை வரியில் தனியாகத் தொங்கவிடக் கூடாது என்பதால். ஆனால் அதில் இரண்டு சிலபிள்.

எங்கே வெட்டுவது என்பது பழைய சண்டை. அமெரிக்க அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டர் 1783இல் வெளியிட்ட எழுத்துப் பாடப் புத்தகத்தில், அதுவரை நோ-ஸ்ட்ரில் என்று பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டியதை மாற்றி, வாய் சொல்கிறபடி நாஸ்-ட்ரில் என்று பிரித்தார். வேடிக்கை என்னவென்றால் அதுவே ஒரு தேய்ந்த கூட்டுச்சொல், மூக்கு+துளை. அவர் வைத்த வெட்டு ஒட்டிலேயே போய் விழுந்திருக்கிறது. இன்றும் அமெரிக்காவில் ஒலிக்கு முன்னுரிமை, பிரிட்டனில் சொல்லின் அமைப்புக்கு. நாலெட்ஜை ஒருவர் எல்லுக்குப் பின்னால் உடைப்பார், மற்றவர் நோ என்ற சொல் முழுசாகத் தெரியும்படி எல்லுக்கு முன்னால் உடைப்பார். கூட்டுச்சொல்லில் மட்டும் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை, ஒட்டில் உடைத்தால் எங்கும் சரி. ஏற்கெனவே கோடு இருக்கிற சொல்லை அந்தக் கோட்டில் மட்டும் உடையுங்கள், வரியில் இன்னொரு கோட்டைச் சேர்த்தால் பார்க்கவே சகிக்காது.

இதைக் கணினிக்குச் சொல்லித்தந்தவர்களில் முக்கியமானவர் ஃப்ராங்க்ளின் லியாங். ஸ்டான்ஃபோர்டில் 1983இல் அவர் கொடுத்த ஆய்வேட்டின் தலைப்பிலேயே சொற்களைக் கோடு போட்டு உடைத்து வைத்திருந்தார். கணினி அறிஞர் டொனால்ட் க்னூத்தின் டெக் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்காகச் செய்த அந்த முறை, சின்னச் சின்ன எழுத்துக் கோவைகளை வைத்தே எங்கே உடைக்கலாம் என்று முடிவு செய்கிறது, பொருள் அதற்குத் தெரியாது. அதனால்தான் இந்த வகை மென்பொருள் உடைத்துத் தந்தாலும் கூட்டுச்சொற்களை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

கையோடு நாலு சொல்

க்ராண்ட்மதர்: க்ராண்ட்+மதர், வாயில் க்ராண்ட்-ம-தர், மூன்று, பேச்சில் நடுவிலிருக்கும் டி ஒலி பெரும்பாலும் விழுந்துவிடும். வாட்டர்மெலன்: வாட்டர்+மெலன், வாயில் நான்கு, வா-டர்-மெ-லன். புக்கீப்பர்: புக்+கீப்+அர், வாயில் புக்-கீ-பர், எழுத்தில் ஓ, கே, இ மூன்றும் வரிசையாக இரட்டித்து நிற்கும், இரண்டு கேயில் ஒன்று ஒட்டுக்கு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். க்ராஸ்ஹாப்பர்: க்ராஸ்+ஹாப்+அர், வாயில் க்ராஸ்-ஹா-பர். பீ இரட்டித்திருப்பது எழுத்து வழக்கு, வாயில் ஒரே ஒரு ப ஒலிதான்.

திண்ணைப் பிள்ளைக்கும் இப்படிப் பத்துச் சொல் எழுதிக் கொடுத்து, வீட்டில் இன்னும் ஒன்று நீயாகவே தேடிக்கொண்டு வா என்றேன். மறுநாள் ஏதோ விளம்பரத்தில் பார்த்தேன் என்று பென்ட்ஹவுஸைக் கொண்டுவந்தாள். டீக்கும் எச்சுக்கும் நடுவில் பென்சிலால் பெரிய கோடு. பென்ட்+ஹவுஸ், த கிடையாது, சரிதானே அக்கா என்று முகமெல்லாம் சிரிப்பு. எனக்குத் தர்மசங்கடம். அந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் ஹவுஸே கிடையாது, சுவரை ஒட்டிச் சாய்த்துப் போடும் தாழ்வாரத்துக்குப் பென்டிஸ் என்பது மாதிரி ஒரு பெயர், கேட்டவர்கள் டிஸ் என்று முடிவதைப் புரியாமல் ஹவுஸ் ஆக்கிக்கொண்டார்கள். அதைச் சொன்னதும் அவள் ரப்பரைத் தேடினாள். அழிக்காதே, வாய்க்கு உன் வெட்டுதான் சரி என்றேன்.